டாங்கிக்கு இருபத்திரண்டு டிகிரி

எங்கள் குடியிருப்பில் இரவு பத்து மணியாவதை, அறையைச் சூடேற்றும் ரேடியேட்டரே சொல்லிவிடும். உள்ளே ஓடிக்கொண்டிருந்த வெந்நீர் நிற்கும். இரும்பு சுருங்கி டிக் டிக்கென்று பத்துப் பன்னிரண்டு தடவை சத்தம் போட்டு ஓயும். அதற்குப் பிறகு காலை ஐந்து மணிவரை எங்களுக்குப் போர்வைதான் துணை. ஐந்து கட்டிடங்களில் முந்நூறு வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலன் கூடம் தெருமுனையில் இருந்தது. பத்துக்கு மூடி ஐந்துக்குத் திறக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மூடித் திறக்கிறவர் குவோஸ்தென்.

அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அவர்மேல் பிரியம் வைத்தவள் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே படிக்கட்டு, அவர் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. இருந்தும் இரண்டு வருடம் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவேன்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஆகஸ்டில், போருக்குத் தப்பி டால்மேஷியாவிலிருந்து வந்த அகதிகளின் டிராக்டர் வரிசையில், மனைவி ஸ்மில்யாவோடு மொராவா ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். தன் ஊரில் அவர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். இங்கே கொதிகலன் வேலை கிடைத்தபோது ஊரில் பாதிப் பேரின் வாய் சும்மா இருக்கவில்லை. நேற்று வந்த அகதிக்கு வேலை, நம் பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள் என்றார்கள். என் மாமியாரும் சொன்னார்; நானும் தலையாட்டினேன். அந்தப் பேச்சு அவர் காதுக்குப் போகாமல் இருந்திருக்காது. அதனால்தானோ என்னவோ, அவரிடம் பத்து என்றால் பத்து. பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி, வீட்டில் விருந்து நடக்கிறது, அரை மணி நேரம் விட்டு மூடுங்கள் என்று போன் செய்தபோதுகூட மசியவில்லை.

நான் கேட்டது விருந்துக்காக இல்லை. என் மகள் நெவேனா ஏழு மாதத்தில் பிறந்தாள், ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். பிப்ரவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு. கணவர் மிலென்கோ லாரி ஓட்டுகிறவர், அப்போது ஊரில் இல்லை. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒன்பதே முக்காலுக்குக் கொதிகலன் கூடத்துக்கு ஓடினேன்.

"மாமா, ஒரே ஒரு மணி நேரம். நாலு நாளைக்கு மட்டும். புள்ள கை காலெல்லாம் நீலமா இருக்கு மாமா."

"உனக்குக் குடுத்தா எல்லா வீட்டுக்கும் குடுக்கணும்மா. இருக்கிற எண்ணெய் மார்ச் வரைக்கும் வரணும்."

"யாருக்கும் தெரியாது மாமா."

"எனக்குத் தெரியுமே."

என் கண் முன்னாலேயே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், வெந்நீரை மூடும் சிவப்புச் சக்கரத்தைத் திருகினார். மூன்றாம் நாள் நெவேனாவுக்கு நிமோனியா. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. அவர் ஒரு மின்சார ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். நான் கதவை அவர் முகத்தில் அறைந்து சாத்தினேன். மிலென்கோ திரும்பியதும் முதல் வேலையாக ஒரு விறகு அடுப்பு வாங்கிப் போட்டார். சமையலறை ஜன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகரம் அடித்து, அதில் ஓட்டை போட்டுப் புகைக்குழாயை வெளியே விட்டோம். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் எங்கள் படிக்கட்டிலேயே பத்து மணிக்கு மேல் சூடாக இருந்த ஒரே அறை அதுதான். நெவேனா பிழைத்தாள்.

ஸ்மில்யா அத்தையோடு எனக்குச் சண்டை இல்லை. சில காலைகளில் காப்பி குடிக்க மேலே வருவார். அவர்கள் வீட்டில் ஒரு ஆமை இருந்தது. பெயர் டாங்கி. மகன் நெபொய்ஷா எட்டு வயதில் அத்திமரத்தடியில் கண்டெடுத்து வைத்த பெயர். போருக்கு முந்தைய காலம் அது. அந்தப் பெயரில் அப்போது விளையாட்டு மட்டும்தான் இருந்தது. பத்தொன்பது வயதில், அந்த ஆகஸ்டில், நெபொய்ஷா காணாமல் போனான். செத்தான் என்று சொல்ல உடல் இல்லை. இருக்கிறான் என்று சொல்ல ஒரு கடிதம் இல்லை. டிராக்டர் கிளம்பும்போது வீட்டுக்குள் போய்வர ஸ்மில்யாவுக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. ரொட்டி சுடும் தட்டில் ஆமையை வைத்துத் தூக்கிவந்தார். போட்டோ ஆல்பம் அலமாரியிலேயே தங்கிவிட்டது. மகனின் படம் ஒன்றுகூட அவரிடம் கிடையாது.

"வந்ததும் அவன் என்னையா கேப்பான்? 'டாங்கி எங்கம்மா'ன்னுதான் கேப்பான். நான் என்னடி பதில் சொல்றது?" என்று காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

டாங்கி உயிரோடு இருக்கும்வரை மகனும் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்பது அவருடைய கணக்கு. கட்டிடத்தில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. குவோஸ்தென் அதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதேயில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் டாங்கியைக் காய்ந்த இலையும் மண்ணும் நிரப்பிய பெட்டியில் வைத்து நிலவறைக்குக் கொண்டுபோவார்கள். மார்ச் வரை தூங்கும். நெவேனாவுக்கு இரண்டு வயது நெருங்கிய குளிர்காலத்தில் நிலவறையின் வெந்நீர்க் குழாய் ஒழுகிப் பெட்டி நனைந்து சூடேறிவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஸ்மில்யா போய்ப் பார்த்தபோது டாங்கி விழித்திருந்தது. மூக்கில் சளி கொப்புளம் கொப்புளமாக வந்தது. தூக்கினால் வெறும் ஓட்டின் கனம்தான்.

கால்நடை டாக்டர் ஒலிவேராவிடம் எடுத்துப் போனார்கள். வாழ்நாள் முழுக்க மாட்டையும் பன்றியையும் பார்த்த பெண்மணி. ஆனாலும் தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டார். பெரிய நகரத்தில் தன்னோடு படித்தவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னார். இனி அதைத் தூங்கவிடக் கூடாது, இந்தச் சளியோடு தூங்கினால் எழுந்திருக்காது. மூன்று நாளைக்கு ஒரு ஊசி. பகலில் இருபத்தெட்டு டிகிரி. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் இருபத்திரண்டுக்குக் கீழே போகக் கூடாது. ஒரு மாதம்.

இரவில் இருபத்திரண்டு டிகிரி! எங்கள் வீடுகளில் விடியற்காலை பதின்மூன்று இருந்தால் நாங்கள் குஷியாகிவிடுவோம். விளக்கு வைத்துச் சூடேற்றலாம் என்றால், அந்த வருடம் மின்சாரமும் முறை வைத்து வெட்டினார்கள். எங்கள் கட்டிடத்தின் முறை பெரும்பாலும் பத்திலிருந்து இரண்டு வரை. கொதிகலன் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று குவோஸ்தென் கேட்டாராம். எண்ணெய்ப் புகையில் ஒரே ராத்திரி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பழைய இழுப்பறை ஒன்றைப் பெரிதாக்கி, மேலே ஜன்னல் கண்ணாடி போட்டு, குவோஸ்தென் ஒரு பெட்டி செய்தார். சோடா பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, டாங்கியைச் சுற்றி அடுக்குவார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அங்கேதான் நாங்கள் புத்திசாலிகள் உள்ளே புகுந்தோம்.

எங்கள் ஊரில் மனிதர்கள் சாவது இரண்டே காரணத்தால். ஒன்று வயது, இன்னொன்று குறுக்குக் காற்று. பேருந்தில் எதிரெதிராக இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் போதும், மொத்தப் பேருந்தும் கூச்சல் போடும். பல்வலி, கழுத்துப் பிடிப்பு, வாய் கோணிப்போவது, மருமகளின் முன்கோபம் எல்லாவற்றுக்கும் பழி அதன்மேல்தான். டாங்கிக்குச் சளி என்றதும் படிக்கட்டிலிருந்த அத்தனை பெண்களும் பெட்டியைச் சுற்றி நின்று இடுக்குத் தேடினோம். முதல் மாடி ஆசிரியை ஜன்னலுக்கு வாங்கிய பஞ்சுப் பட்டையைக் கொண்டுவந்தார். நான் மிலென்கோவின் லாரிப் பெட்டியிலிருந்து அகல டேப் எடுத்துவந்தேன். கண்ணாடி ஓரம், மூலை, ஆணித் துளை எதையும் விடவில்லை. மேலே இரண்டு போர்வை.

குவோஸ்தென் வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தார். "ஒரு ஓரமாக் கொஞ்சம் இடுக்கு விடலாமே," என்றார்.

"ஏன், செத்துப்போகட்டும்னா?" என்றார் ஆசிரியை. "ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது. நீங்க போய் உங்க கொதிகலனைப் பாருங்க."

அவர் போய்விட்டார். அவர் வாயை அடைத்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆறு நாள் அப்படி வைத்திருந்தார்கள். கண்ணாடியின் உள்பக்கம் எந்நேரமும் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கதகதப்பு இருப்பதற்கு அதுவே சாட்சி என்று ஸ்மில்யா மகிழ்ந்தார். ஆறாம் நாள் டாங்கி கழுத்தை முழுக்க நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒலிவேரா வீட்டுக்கே வந்தார். பெட்டியைப் பார்த்ததும் டேப்பை விரலால் கிழித்து எறிந்தார்.

"யார் பண்ணின வேலை இது?"

"காத்து படக்கூடாதுன்னு டாக்டரம்மா..." என்று ஸ்மில்யா இழுத்தார்.

"காத்து இல்லாமத்தான் இப்ப சாகக் கிடக்கு. ஆறு நாளா ஆவிக்குள்ள உக்காந்து தன் மூச்சையே திரும்பத் திரும்பக் குடிச்சிருக்கு. சூடும் வேணும், காஞ்ச காத்தும் வேணும். ரெண்டும் சேர்ந்து வேணும். இந்த வீட்டுல ராத்திரி அதுக்கு வழி இல்லன்னா என்கிட்டக் கேக்காதீங்க, வேற வீடு பாருங்க."

வேறு வீடு எது என்று சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் என் டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மதியம் ஸ்மில்யா, டாங்கியைச் சால்வையில் சுற்றி மார்போடு அணைத்தபடி என் வாசலில் வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். கொடுங்கள் என்று கையை நீட்டியிருக்கலாம். என் டேப்தான் பாதி காரணம் என்பதும் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"மாமா வந்து கேக்கட்டும் அத்தை."

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. "விதா, அந்த மனுஷன்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, கீழே இறங்கிப் போனார். கதவைச் சாத்திய பிறகு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் கூப்பிடவும் இல்லை.

எட்டு மணிக்குக் குவோஸ்தென் வந்தார். தொப்பி கையில். தோளில் ஒரு கட்டு விறகு, நல்ல ஓக் மரம், உளுத்தது ஒன்றுகூட இல்லை. வாசலுக்கு வெளியேதான் நின்றார்.

"உன்கிட்டக் கேக்க எனக்கு வாய் இல்ல," என்றார். "ஆனா கேக்கறேன்."

இரண்டு வருடமாக அவரிடம் சொல்ல நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் ஒரு மூட்டை. அதில் ஒன்றை எடுத்தேன். "பத்துன்னா பத்துதானே மாமா?"

"ஆமா," என்றார். கோபமில்லை. சாக்கு ஏதும் சொல்லவில்லை. விறகை என் வாசல் ஓரமாக இறக்கிவைத்தார். "இது குழந்தைக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"நில்லுங்க. எங்க போறீங்க? ஆமைய யார் கொண்டு வர்றது, நானா?"

அப்படித்தான் டாங்கி என் சமையலறைக்கு வந்தது. இழுப்பறையை அடுப்பிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி ஒரு பெஞ்சின்மேல் வைத்தோம். கண்ணாடிக்குப் பதிலாக மேலே மரச் சட்டங்கள், விரல் நுழையும் இடைவெளியோடு. உள்ளே தெர்மாமீட்டர். ஒலிவேரா வந்து பார்த்து, இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா என்று ஒரு திட்டுத் திட்டிவிட்டுப் போனார்.

விறகு அடுப்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் தானாக எரியாது. பத்துக்கு ஒரு முறை, ஒன்றுக்கு ஒரு முறை, நான்குக்கு ஒரு முறை எழுந்து விறகு வைக்க வேண்டும். அலாரத்தைத் தலையணைக்கடியில் வைத்துப் படுப்பேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு. ஒரு முறை இருபத்தொன்றரையைப் பார்த்துப் பதறிவிட்டேன். நாள் போகப்போக, என் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் அந்தத் தெர்மாமீட்டரைப் பார்ப்பதும் எனக்கு ஒரே வேலையாகிவிட்டது.

காலை ஆறு மணிக்குப் பணி முடிந்து குவோஸ்தென் நேராக என் வீட்டுக்கு வருவார். சாவி அவரிடம் இல்லை. இரண்டு தடவை மெதுவாகத் தட்டுவார். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி டாங்கியை அதில் கால்மணி நேரம் உட்காரவைப்பார். ஊசி நாளில் அவர் டாங்கியின் காலைப் பிடிக்க நான் குத்துவேன்; ஸ்மில்யா திரும்பி நின்றுகொள்வார். நெவேனாவுக்கு அந்த இழுப்பறையைவிட்டு நகர மனமில்லை. தன் பிஸ்கட்டை ஊறவைத்துச் சட்டத்தின் இடைவெளியில் நுழைப்பாள். டாங்கி முகர்ந்துகூடப் பார்க்காது.

"ஆமைக்குத் திமிரு," என்றாள் ஒரு நாள். எங்கே கற்றாளோ.

குவோஸ்தென் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "அவனும் அப்படித்தான் சொல்வான்," என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவரே கொஞ்சம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தர்பூசணி வச்சா மட்டும் ஓடி வரும். அவன் சாப்பிட்டு முடிச்சுத் தோலைக் கீழ வைப்பான். செவப்புக் கொஞ்சம் விட்டுத்தான் வைப்பான்."

பன்னிரண்டாம் நாள் டாங்கி வாயை மூடி மூச்சு விட்டது. பதினைந்தாம் நாள் ஒரு இலை தின்றது. ஸ்மில்யா கீழே ஓடிப்போய் வால்நட் கேக் செய்து மாடி மாடியாகக் கொடுத்தார். "வசந்தம் வரட்டும், புல்லுல விட்டுருவோம். அவன் வரும்போது இது கொழுத்துப்போய் இருக்கணும்," என்றார். குவோஸ்தென் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

பத்தொன்பதாம் இரவு நெவேனாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிற காய்ச்சல். ஒன்பதிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு மணிக்கு விறகு வைத்தது நினைவிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, அவளை மடியில் கிடத்தி, அலாரம் அடித்தால் எழுந்துவிடலாம் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. அலாரம் படுக்கையறையில் தலையணைக்கடியில் இருந்தது.

கதவைத் தட்டும் சத்தத்தில் விழித்தேன். என் மூக்கு நுனி ஜில்லென்றிருந்தது. அடுப்பில் சாம்பல். ரேடியேட்டர் அப்போதுதான் வெதுவெதுக்க ஆரம்பித்திருந்தது. தெர்மாமீட்டர் பதினொன்று.

குவோஸ்தென் உள்ளே வந்தார். பார்த்தார். கோட்டைத் திறந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, டாங்கியை வெற்று வயிற்றோடு சேர்த்து வைத்துப் பொத்தானைப் போட்டார். பிறகு மண்டியிட்டுச் சாம்பலைக் கையாலேயே அள்ளினார், செய்தித்தாளைக் கசக்கினார், சுள்ளி ஒடித்தார், பற்றவைத்தார்.

"மாமா, ரெண்டு திட்டுத் திட்டிடுங்க. சும்மா இருக்காதீங்க."

"நான் எதுக்கும்மா உன்னத் திட்டணும்? பத்து மணிக்கு மூடுறவன் நான்." அடுப்புக்குள் ஊதினார். தீ பிடித்தது. "ஸ்மில்யாகிட்டச் சொல்ல வேண்டாம். புள்ளையப் போய்ப் படுக்க வை."

இரண்டு வருடத்துக் கோபம் எனக்கு அந்த இடத்தில் போயிற்று. போனது நிம்மதியாக இல்லை, வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் டாங்கி செத்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அறை இருபத்தெட்டு டிகிரி, ரேடியேட்டர் தொடமுடியாத சூடு. ஸ்மில்யா இலையை ஈரமாக்கி மூக்கருகே பிடித்திருந்தார். தலை மெல்லக் கீழே இறங்கியது, அப்படியே நின்றுவிட்டது. ஒலிவேரா வந்து பார்த்துவிட்டு, நுரையீரல் அந்த ஆறு நாளிலேயே போய்விட்டது, நீங்கள்தான் இத்தனை நாள் இழுத்துப் பிடித்தீர்கள் என்றார். நிஜமாகச் சொன்னாரா, எங்களுக்காகச் சொன்னாரா தெரியாது. ஆறு நாள் டேப்போ, ஒரு இரவுச் சாம்பலோ, இரண்டிலும் என் கை இருந்தது.

ஸ்மில்யா அழவில்லை. ஆமையைச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தார். குவோஸ்தென் கட்டிடத்தின் பின்னால் கடப்பாரையால் உறைந்த மண்ணை உடைத்தார். அந்தச் சத்தம் எல்லா மாடிக்கும் கேட்டது. புதைத்துவிட்டு முகம் கழுவி, நேரத்துக்கு வேலைக்குப் போனார். பத்து மணிக்கு ரேடியேட்டர் ஓய்ந்தது.

பிறகு பன்னிரண்டு நாள் ஸ்மில்யா கதவு திறக்கவில்லை. குவோஸ்தென் ரொட்டி வாங்கிப் போவதைப் பார்ப்பேன். "எப்படி இருக்காங்க மாமா?" என்றால், "இருக்கா," என்பார்.

ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு தொடங்குமுன் வரும் ஒரு சனிக்கிழமையில், எங்கள் ஊரில் எல்லோரும் இறந்தவர்களுக்காக வேகவைத்த கோதுமையும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு கோவிலுக்கும் கல்லறைக்கும் போவார்கள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு ஸ்மில்யா திரையை இழுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடப்பார். அந்த வருடம் காலை எட்டு மணிக்கு, கறுப்புக் கோட்டும் கறுப்புத் தலைத்துணியுமாக என் வாசலில் நின்றார்.

"என்கூட வர்றியா?"

பனியில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். என்னால் அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. பாலத்தருகே நின்று சொல்லிவிட்டேன். "அத்தை, ஒரு ராத்திரி நான் தூங்கிட்டேன். அடுப்பு அணைஞ்சு போச்சு. மாமா சொல்ல வேண்டாம்னாரு..."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப அவர் கையெல்லாம் சாம்பல். சட்டை பூரா ஆமை வாசனை. முப்பது வருஷமா அந்தச் சட்டையத் தோய்க்கிறவ நான்தானே." என் கையை இறுக்கினார். "பதினெட்டு ராத்திரி முழிச்சிருக்கே. உன்னப் பெத்தவளுக்குக்கூட நீ அப்படி முழிச்சிருக்க மாட்டே. வா, குளிருது."

நான் அழுதுகொண்டே நடந்தேன்.

எங்கள் கோவில்களில் மெழுகுவத்தி வைக்க இரண்டு தட்டு உண்டு. மேலே இருப்பது உயிரோடு இருப்பவர்களுக்கு. கீழே, முழங்கால் உயரத்தில், மணல் பரப்பிய தட்டு இறந்தவர்களுக்கு. ஸ்மில்யா நான்கு மெழுகுவத்தி வாங்கினார். மேல்தட்டில் ஒன்று குவோஸ்தெனுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று நெவேனாவுக்கு. பெயரை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி நட்டார். நான்காவதைப் பற்றவைத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஐந்தரை வருடமாக அதை அவர் மேலேதான் நட்டிருக்கிறார். பல ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பார்த்திருக்கிறேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மெழுகு உருகி அவர் விரலில் வழிந்தது.

பிறகு ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அதைக் கீழ்த்தட்டு மணலில் நட்டார்.

"நெபொய்ஷா," என்றார், கேட்கும்படியாக.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமாகிட்ட நான் வேணும்னா சொல்லட்டுமா அத்தை?" என்றேன்.

"அவர்கிட்ட என்னடி சொல்றது?" தலைத்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வந்த வருஷத்துல இருந்து அவர் கீழதான் ஏத்துறாரு. நான் பாக்காத நேரமா வந்து ஏத்திட்டுப் போவாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு, வீட்டுக்கு வந்து எனக்காக அந்த ஆமைக்கு வெந்நீர் போடுவாரு. இத்தனை வருஷமா அந்த மனுஷனத் தனியா அழ விட்டுட்டேன் விதா."